வியாழக்கிழமைத் தாளில் எட்டாவது பாட்டு

என் மனைவி ஒரு பாட்டின் பிறப்பைப் பற்றிப் பதினாறு ஆண்டுகள் வாதாடினாள். அந்த வழக்கில் அவளுக்கு ஒரே ஒரு சாட்சி கிடைத்திருக்கக்கூடும். அந்தச் சாட்சி நான். நான் வாய் திறக்கவில்லை.

பாட்டு ஒரு ராக் குழுவினுடையது. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் கராஜில் தொடங்கி, பிற்காலத்தில் பெரிய அரங்குகளை நிரப்பிய நால்வர். பார்சிப்பனிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில், அவர்களை அவள் வானொலியில் கண்டெடுத்தாள். நான் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். “இவன் கத்தறதுல ஒரு நியாயம் இருக்குங்க” என்றாள். எனக்குக் கத்தல் மட்டுமே கேட்டது.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று மட்டும் கத்தாது. ஒற்றை கிட்டாருடன் தொடங்கும். வெகுநேரம் கழித்தே டிரம்ஸ் வந்து சேரும். தொலைதூரத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவன், வாசல் விளக்கை அணைத்துவிடாதே, வந்துகொண்டிருக்கிறேன் என்கிறான். பொருள் அவ்வளவுதான். என் மனைவி அதை ‘மெதுவான பாட்டு’ என்றே சொல்வாள்.

அந்தப் பாட்டு இசைத்தட்டில் வெளியானது ஒரு கோடைக்காலத்தில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் குழுவின் டிரம்ஸ் வாசிப்பவர் சாலை விபத்தில் இறந்திருந்தார். ஆகவே அது அவருக்காக எழுதப்பட்ட இரங்கற்பாட்டு என்று ரசிகர்கள் முடிவு செய்தார்கள். வீடு என்பது மறுமை. விளக்கு என்பது நினைவு. பாடகர் இதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. நாடெங்கும் இறுதிச் சடங்குகளில் அதை ஒலிக்கவிட்டார்கள்.

என் மனைவி மட்டும் அப்படியில்லை என்றாள். விபத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில், ஒரு கல்லூரியின் சிறிய அரங்கில் அந்தப் பாட்டைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். அன்று டிரம்ஸ் வாசித்தவர் உயிரோடு இருந்த அதே மனிதர். “அவன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரான். அவ்வளவுதான் பாட்டு. எதுக்கு எல்லாரும் சேர்ந்து அவனைச் சாகடிக்கறாங்க?” என்பது அவள் கட்சி. பல ஆண்டுகள் கழித்து ரசிகர்களின் இணைய மன்றம் தொடங்கியபோது அதில் இதை எழுதினாள். ஆதாரம் கேட்டார்கள். அன்றைய பாட்டுகளின் வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததாகவும், அது எங்கோ தொலைந்துவிட்டதாகவும் சொன்னாள். ஒவ்வொரு ஆண்டும் அந்த டிரம்ஸ் கலைஞரின் நினைவு நாளில் வாதம் புதிதாகத் தொடங்கும். மன்றத்தை நடத்துபவர் ஓஹாயோவில் ஓய்வுபெற்ற தபால்காரர். முகவரி இல்லாத எதையும் ஏற்காத மனிதர். பாட்டைப் பற்றிய பக்கத்தில், அவள் கூற்றுக்கு எதிரே ‘ஆதாரமில்லை’ என்ற சொல்லைப் பதினாறு ஆண்டுகளும் அவர் மாற்றவில்லை.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. மருந்து நிறுவனம் ஒன்றில் புள்ளியியலாளனாக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எது ஆதாரம், எது ஆதாரமன்று எனப் பிரிப்பதே என் தொழில். ஒருமுறை அவள் கேட்டாள்: “நீங்கதானே கொண்டு விட்டீங்க. மன்றத்துல ஒரு வரி எழுதக்கூடாதா?”

“நான் உள்ள வரலியே. கேக்காத பாட்டுக்கு எப்படிச் சாட்சி சொல்றது?”

அவள் ‘சரி’ என்றாள். அதன் பிறகு கேட்கவில்லை.

சென்ற ஆண்டு அவள் மறைந்தாள். மன்றத்துக்கு இரண்டு வரியில் தகவல் தெரிவித்தேன். வந்த இரங்கல்களில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது: ‘அக்கா, வாதத்தைப் பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்களே.’ கீழே ஒரு தொலைபேசி எண். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பார்சிப்பனி வீட்டை விற்றுவிட்டு, டெக்சஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். பகலில் அவள் அலுவலகம் போய்விடுவாள். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்த ரசப்பொடி தீர்ந்த நாளில், அளவு தேடி மனைவியின் சமையல் குறிப்புகள் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ரசப்பொடி அளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த டப்பாவை அவள் திறந்து நான் பார்த்ததே இல்லை.

குறிப்புகளில் பாதி, நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் இருந்தன. சென்னையிலிருந்து யாராவது ஆண்டுதோறும் கொண்டுவந்து தரும், தினம் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி. கிழித்த தாளை எறிவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பின்புறம் வெள்ளையாக இருக்கும், எழுத உதவும். ‘தனியா இரண்டு டம்ளர், மிளகு அரை, துவரம் பருப்பு அரை, சீரகம் கடைசியில், வறுக்க வேண்டாம்’ என்ற வரிகள் ஒரு தாளின் கீழ்ப்பாதியில் இருந்தன. மேற்பாதியில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்டு, ஆங்கிலப் பாட்டுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அவசரமாக எழுதியிருந்தாள். எட்டாவது எண்ணுக்கு எதிரே பெயர் இல்லை. இப்படி இருந்தது:

‘புதுசு. மெதுவா. வாசல் லைட். டிரம்ஸ்காரன் சிரிக்கிறான்.’

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு, தொழில் புத்தியில், தாளைத் திருப்பினேன். ஆண்டு சரி. மாதம் சரி. ஆனால் தாள் வியாழக்கிழமையுடையது. கச்சேரி வெள்ளிக்கிழமை, குழு வாசித்த எல்லா நாட்களின் பட்டியலும் மன்றத்தில் இருக்கிறது, அதில் ஐயமே இல்லை. ஒரு நாள் வேறுபாடு. தவறான தேதியிட்ட ஆவணம் எந்த ஆவணமும் இல்லாததைவிட மோசமானது என்று நானே பலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவள் பெயரில் இன்னொரு கேலியை வாங்கித் தர எனக்கு மனமில்லை. தாளை இரண்டு வாரம் யாரிடமும் காட்டவில்லை.

முதலில் பார்த்தவள் மகள்.

“இதை ஏம்ப்பா போஸ்ட் பண்ணாம வெச்சிருக்கீங்க?”

“தேதி இடிக்குது.”

“அம்மா பொய் சொல்வாங்களா?”

“பொய் வேற, தப்பான ஞாபகம் வேற.”

“நானும் அன்னிக்குக் கார்லதானே இருந்தேன்? அப்ப நானும் விட்னஸ்தான்.”

“உனக்கு மூணு வயசு. பின் சீட்ல தூங்கிட்டிருந்தே.”

“நீங்க முழிச்சிட்டுதானே இருந்தீங்க. அதனால யாருக்கு என்ன யூஸ்?”

சொன்ன பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவத் தொடங்கினாள். அன்று மாலை அந்தத் தமிழ் இரங்கல்காரருக்குத் தொலைபேசினேன். நாகூர்க்காரர், வயது ஐம்பதுக்குள். ரவுண்ட் ராக்கிலேயே, எங்களிடமிருந்து காரில் பத்து நிமிட தூரத்தில், கணினி நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமை காலை இந்திய மளிகைக் கடையை ஒட்டிய டிபன் கவுண்டரில் சந்தித்தோம். குழுவின் பெயர் பொறித்த, பலமுறை துவைத்து வெளுத்த டிஷர்ட் அணிந்திருந்தார்.

“சார், முதல்லயே சொல்லிடறேன். நான் அக்காவோட எதிர்க்கட்சி.”

“தெரியும்.”

“பதினாறு வருஷம் சார். எங்க வீட்டுல என் வொய்ஃப்கூட அவ்வளவு சண்டை போட்டதில்ல. அக்கா என்னை ‘ஒப்பாரிக் கட்சித் தலைவரே’ன்னுதான் கூப்பிடுவாங்க.”

“நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?”

“‘கனவு கண்ட அக்கா’ன்னு.” காபியைக் கலக்கினார். “அப்ப எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.”

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்து வந்தார். ஆறாவதில் சிரித்தார், அந்தப் பாட்டின் பெயரைத் தமிழில் எழுதினால் அப்படித்தான் வரும் என்றார். எட்டாவதில் விரல் நின்றது. வாய்விட்டு ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி டிஷர்ட் நுனியில் துடைத்துவிட்டு மறுமுறை படித்தார்.

“டிரம்ஸ்காரன் சிரிக்கிறான்.”

“முன்பக்கத்தையும் பாருங்க” என்றேன்.

பார்த்தார். “வியாழக்கிழமை. கச்சேரி வெள்ளியாச்சே சார்.”

“ஆமா.”

“ஓஹாயோ தாத்தா விடமாட்டார். முந்தின நாளே லிஸ்ட் எழுதறதுக்கு அந்தம்மா என்ன ஜோசியரான்னு கேப்பார்.” தாளை மறுபடி திருப்பினார். “சரி, ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்க. பாப்போம். மெயில் ஐடி எழுதிக்கங்க.”

சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தேன். அவர் முகவரியைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இன்னிக்கு என்ன கிழமை?”

“சனி.”

“உங்க கையில வெள்ளிக்கிழமை இருக்கு.”

குனிந்து பார்த்தேன். இருந்தது. காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழிப்போம். இன்றைய தாள் சுவரில் வெளிப்படும். கிழித்த நேற்று பைக்குள் போகும். ஆணியில் தொங்கும் இன்றைய தாளில் யாரும் மளிகைக் கணக்கு எழுதுவதில்லை. நாற்பத்தொரு ஆண்டுகள் அவளுக்குப் பக்கத்தில் நின்று இதைச் செய்திருக்கிறேன்; இரண்டு வாரம் எனக்கு இது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குப் போனவளின் கைப்பையில் வியாழக்கிழமை இருந்தால்தான் அது எங்கள் வீட்டுத் தாள்.

“எங்க உம்மாவும் இப்படித்தான் சார்” என்றார் நாகூர்க்காரர். “பால் கணக்கு பூரா நேத்துலதான் இருக்கும்.”

இருவரும் சிரித்தோம். பிறகு அவர், எதிர்க்கட்சிக்காரரின் கடமையாக, கேட்டார்: “பழைய தாள்ல பிற்பாடு எப்பவோ உக்காந்து எழுதினாங்கன்னு யாராவது சொன்னா?”

“சொல்லலாம். நானா இருந்தா சொல்லுவேன்.”

“அப்ப பதில்?”

“தாள்கிட்டே இல்ல.”

“அன்னிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?”

அவரிடம் சொன்னேன். வாகன நிறுத்துமிடத்தில், காருக்குள். பின்னிருக்கையில் குழந்தை தூங்கியது. உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மருந்துச் சோதனையின் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவைத் திறந்து, உட்காராமல், கதவைப் பிடித்தபடி எதையோ முனகினாள். மெதுவான எதையோ. ‘கேளுங்களேன், இது புதுசு’ என்றாள். குழந்தைக்குக் குளிரும், கதவைச் சாத்து என்றேன். சாத்தினாள். வீடு வரும்வரை கைப்பையை மடியில் வைத்திருந்தாள்.

இது எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. சாட்சியத்தில் சேராது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நாகூர்க்காரர் காபிக் கோப்பையைச் சுழற்றினார். “என் தம்பி மவுத்தானப்ப நான் இங்க இருந்தேன் சார். டிக்கெட் கெடைக்கல. அடக்கத்துக்குப் போக முடியல. கார்ல உக்காந்து அந்தப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். சாவுக்கு எழுதின பாட்டு, நமக்காகவே எழுதியிருக்கான்னு நெனச்சேன். அதனாலதான் அக்காவோட அவ்வளவு மல்லுக்கு நின்னேன்.” தாளை என் பக்கம் திருப்பித் தள்ளினார். “அப்ப தப்பான பாட்டைப் போட்டுட்டேனா சார்?”

என் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

“வீட்டுக்கு வர்றவனோட பாட்டுதானே” என்றேன். “போட்டதுல தப்பில்ல.”

அவர் தலையாட்டினார். கிளம்பும்போது தம் காரில் அந்தப் பாட்டைப் போட்டார். நான் அதை முழுவதும் கேட்டது அதுவே முதல்முறை. ஒரு காலை வெளியே வைத்து, கதவைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். “ஏசி போகுது சார்” என்றார். ஆனால் மூடச் சொல்லவில்லை.

அன்றே மன்றத்தில் எழுதினேன். தாளின் இருபுறப் படங்களையும் இட்டேன். ஒவ்வொரு வரிக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், வியாழக்கிழமைக்கு விளக்கமும் தந்தேன். இந்தத் தாள் பிற்காலத்தில் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்பதையும் நானே குறிப்பிட்டேன். பிறகு இதைச் சேர்த்தேன்: ‘நான் அரங்குக்குள் செல்லவில்லை. ஆனால் அன்று என் மனைவி காருக்குத் திரும்பி வந்தபோது மெதுவான ஒரு மெட்டை முனகினார். அது புதியது என்றார். நான் கதவைச் சாத்தச் சொன்னேன். இன்று அந்தப் பாட்டைக் கேட்டேன். மெட்டு அதுவே.’

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருமுறை படித்தாள். “நான் தூங்கிட்டிருந்ததையும் போடுங்கப்பா” என்றாள். சேர்த்தேன்.

மறுநாள் முதல் மறுமொழி நாகூர்க்காரருடையது: ‘எதிர்க்கட்சி சார்பில் ஆட்சேபணை இல்லை.’ இன்னும் சிலர் ஆட்சேபித்தார்கள். தாளின் வயதைச் சோதிக்க வேண்டும் என்றார் ஒருவர். நியாயமான கோரிக்கைதான். ஓஹாயோ தபால்காரர் நான்கு நாள் மௌனமாக இருந்தார். ஐந்தாம் நாள், பாட்டின் பக்கத்தில் ‘ஆதாரமில்லை’ என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் அரங்கின் இருப்பிடமும், என் மனைவி மன்றத்தில் பயன்படுத்திய புனைபெயரும், ‘ஒரு தாள், ஒரு சாட்சி, விவாதம் தொடர்கிறது’ என்ற குறிப்பும் இருந்தன. அவளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். விவாதம் முடிந்திருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

தபால்காரர் தனியாகவும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். மன்றத்தின் சேகரிப்பில் பாதுகாக்க மூலத்தாளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இயலாது, மன்னிக்கவும் என்று பதில் எழுதினேன். காரணம் கேட்டார்.

சமையலுக்கு வேண்டும் என்றேன்.