விமானச் சீட்டு எடுத்தவர் யார்

என் தங்கை ஒருமுறைதான் கடல் தாண்டினாள். தொண்ணூறுகளின் பிற்பாதியில், சிங்கப்பூரில் இருந்த மகளின் தலைப்பிரசவத்துக்காக. தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது எங்கள் வழக்கம். மகளால் வர இயலாததால் தாய் போனாள். சீட்டு எடுத்து அனுப்பியவர் மருமகன். "எங்க வீட்ல தெரிய வேணாம் அத்தை" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். மேடவாக்கத்துச் சம்பந்தி வீட்டில் தன் செலவிலேயே போவதாகத் தங்கை சொன்னாள். கணவனை இழந்தபின் செம்பாக்கத்தில் மாவு அரைத்து விற்றுப் பிழைத்தவள் அவள். அந்தப் பொய்யைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது.

வெளிநாடு சென்று வந்தவர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசு விதித்திருந்த காலம் அது. பயணப் பதிவுகளையும் வரிப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னதில் இருந்த என் தங்கை பின்னதில் இல்லை. நோட்டீஸ் வந்தது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அவளை வரி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சம்பந்தியும், "ஆபீஸ் நடைமுறையெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று தாமாகவே உடன் வந்தார். வழி நெடுக நான் வாய்க்குள் பதிகம் ஓதிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி இளைஞர், பண்பானவர். "பயப்படாதீங்கம்மா. டிக்கெட் யார் எடுத்தாங்க? மருமகன்தான்னா அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. ஃபைலை மூடிடலாம்."

தங்கை சம்பந்தியைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சம்பந்தியம்மா. உங்க செலவுன்னுதானே வழியனுப்ப வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க? என் பையன் எடுத்திருந்தா என் சம்சாரம் உங்க பொண்ணைச் சும்மா விட்டிருப்பாளா?"

அவருக்கு உண்மை தெரியும் என்பது அந்தக் குரலிலேயே புலப்பட்டது. மருமகன் என்று அவள் சொன்னால் பொய்க்காரி ஆவாள். மகள் அதற்காக வாழ்நாள் முழுதும் பேச்சு வாங்குவாள். தான் என்று சொன்னால் வரி கட்டுவாள். இரண்டில் எது நடந்தாலும் அவருக்குச் சம்மதமே.

"மாப்பிள்ளைதான் சார்..." என்று நான் தொடங்கினேன். தங்கை என் கையை இறுகப் பற்றினாள்.

"நான்தான் சார் எடுத்தேன். மாவு வித்த காசு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அப்புறம் மாவுக் கணக்கெல்லாம் கேக்க வேண்டியிருக்கும்."

"கேளுங்க சார்."

"இட்லி மாவுல இவ்ளோ வருமானம்னு தெரிஞ்சிருந்தா நானும் வேலையை விட்டுட்டு ஆட்டப் போயிருப்பேன்" என்று சம்பந்தி சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

இறைவன் அடியாரைச் சோதிக்கும் கதைகளை நெடுங்காலமாக ஓதி வருகிறேன். கேட்கத் தகாததைக் கேட்பான். கொடுத்தபின் காளைமீது காட்சி தருவான். அந்த அறையில் கேட்டவர் மட்டுமே இருந்தார்; காட்சி தர எவரும் வரவில்லை.

முந்தைய ஆண்டுகளின் வருமானத்தையும் சேர்த்து வரியும் அபராதமும் விதித்தார்கள். கட்டுவதற்காகக் கிரைண்டர்களை விற்றாள், தொலைபேசி இணைப்பையும் விட்டாள்; மகள் பற்றிய சேதி மேடவாக்கம் வழியாகவே வந்தது. பிறகு ஒரு மெஸ்ஸில் கூலிக்குக் காய் நறுக்கப் போனாள். மகளுக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மகளின் இரண்டாம் பிரசவத்துக்குச் சம்பந்தியும் அவர் மனைவியும் புறப்பட்டார்கள். மகன் அனுப்பிய சீட்டுகளை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். சம்பந்தி ஆண்டுதோறும் வரிக் கணக்குக் கொடுப்பவர். அவரை எந்த அலுவலகமும் எதுவும் கேட்கவில்லை.

புறப்படும் நாளில் தங்கை பிரசவ லேகியம் கிண்டிப் பாட்டிலில் அடைத்து, மேடவாக்கத்துக்கு எடுத்துச் சென்றாள். நானும் போயிருந்தேன். சம்பந்தி பாட்டிலைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"எடை கூடிடும் சம்பந்தியம்மா. உங்களுக்கென்ன, இன்னொரு டிக்கெட் எடுத்து நீங்களே கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்களேன்."

கூடத்தில் இருந்த உறவினர்கள் சிரித்தார்கள். தங்கையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். திரும்பும் பேருந்தில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்தால் தனக்கு யார் சொல்வார்கள் என்று என்னைக் கேட்டாள்.