அளவுச் சட்டை

மகனுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கும்போது எல்லோரையும்போல நானும் கொஞ்சம் பெரியதாகத்தான் எடுக்கிறேன். ஆனால் போட்டுப் பார்க்கையில் அவன் விரல்கள் சட்டைக் கைக்குள் மறைந்துவிட்டால் கடையிலேயே குனிந்து மடித்துவிடுகிறேன். "வளர்ற பிள்ளைதானே, விடேன்" என்கிறார் கணவர். விட முடியவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பியிருந்தார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்புதான் வர முடியும். வரவேற்புக்குக் கோட்டு சூட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியது பெண் வீடு. அளவுக்கு அவருடைய பழைய சட்டை ஒன்றை வாங்கி வர அப்பா நீடாமங்கலம் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனார். ஸ்கூட்டரின் பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். கார்த்திகை மாதம். சாலையின் இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது.

அப்பா கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைக்குப் போய்த் திரும்பும்போது உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கட்டிலில் ஒரு சட்டையை விரித்து வைத்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. அதன் கீழே சரியாக ஒரு பேண்ட். மேலே தலையணை. தலை மட்டும்தான் இல்லை. அவர் சட்டையின் கைகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே, "இரு, இரு, அசையாத. அளவெடுக்கத்தான் கேக்குறாங்க" என்றார்.

என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை.

"பெரியவனோடது. அப்பாகிட்ட சொல்லாத, என்ன? அவனுக்குக் கோட்டு மேல ரொம்ப நாளா ஆசை."

தலையாட்டினேன். மாப்பிள்ளைக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியவர்கள் ரகசியம் ஒன்று என்னிடம் வந்துவிட்ட பெருமையில் வீடு திரும்பும்வரை சட்டை இருந்த பையை மடியில் வைத்திருந்தேன். அந்துருண்டை வாசம் அடித்தது.

தஞ்சாவூர்க் கடைக்கு அத்தையும் வந்தாள். அவளுக்கு நீலத்தில் ஆசை. மாப்பிள்ளையின் அம்மா காப்பிக்கொட்டை நிறத்தைத் தொட்டார்.

"கறுப்பா இருக்கவனுக்கு நீலம் எடுபடாதுங்க."

"மாப்பிள்ளை நல்ல சிவப்புதானே சம்பந்தி?" என்றார் அப்பா.

"வெயில்ல நின்னு வேலை பாக்குறவன்."

தையல்காரர் சட்டையின் கையை நாடாவால் அளந்துவிட்டு, மறுபடியும் அளந்தார். "மாப்பிள்ளை பனைமரம் ஒசரம் போல சார்!" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆனால் சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொண்டே. அவர் தலையில்லாத கடைப் பொம்மையின் தோளில் துணியைப் போட்டு நீவிக்கொண்டிருந்தார்.

"இடது தோள் ஒரு விரக்கடை இறக்கமா இருக்கும். அதையும் சேத்துத் தைங்க."

"நான் பாத்தப்ப நேராத்தாண்டி இருந்துச்சு" என்று அத்தை என் காதில் சொன்னாள். பெற்ற தாய்க்குத் தெரியாதா என்று அப்பா விட்டுவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நல்ல பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தை மாதம் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் சூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. கோட்டு முழங்கால் பக்கம் தொங்கியது.

"ஒரு கோட்டைக்கூட ஒழுங்காத் தைக்கத் தெரியாத வீட்டுலயா பொண்ணு எடுக்குறோம்?" என்றார் அவருடைய தாய்மாமா. "வேணும்னே பண்ணாங்களா, இல்ல நம்மள அவ்ளோ இளக்காரமா நினைச்சாங்களா?"

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. இந்தப் பேச்சு வளர்ந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அப்பா தப்பித்துவிடுவார். வாயைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கதவோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன். அப்போது பேசியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். கோட்டின் இடது தோளைத் தொட்டார். அது சற்று இறங்கியிருந்தது.

"அம்மா, இது அண்ணன் அளவும்மா."

தாய்மாமா உட்கார்ந்துவிட்டார். பிரித்துச் சின்னதாக்கித் தருவதாக அப்பா மெதுவாகச் சொன்னார்.

"வேணாம் மச்சான். இப்படியே போட்டுக்கறேன்."

அந்த அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் அதே துபாயில் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தவர். திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் பெட்டியை அனுப்பியிருந்தார்கள். பெற்றவர் கடைசிவரை மகன் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதென்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கோட்டு பெரிய மாமாவுடையது. அப்படியென்றால் அதைக் கேட்டு அவர் வருவார்.

வரவேற்பில் மாப்பிள்ளை வந்தவர்களையெல்லாம் கோட்டுக் கை நுனியால் கும்பிட்டார். "கையை வெளிய விடுங்க சார்" என்று போட்டோக்காரர் கேலி செய்தார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். நான் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக, உயரமாக ஒருவர் வர வேண்டும்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்கு ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன். பரிமாறுகிறவர்கள் அதிலும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போனார்கள். விருந்தினரைக் கவனித்தபடி வந்த மாப்பிள்ளையின் அம்மா என் எதிரில் நின்றார்.

"யாருக்கு பாப்பா இந்த இலை?"

"பெரிய மாமாவுக்கு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து, சட்டையிடம் பேசிய அதே குரலில் கேட்டார்: "வந்துட்டானா?"

இல்லை என்றால் அழுதுவிடுவார் என்று தோன்றியது. "வந்தாங்க. சாப்ட்டுட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். சோறு, கூட்டு, பொரியல், எல்லாம் அப்படியே இருந்தன. ஜாங்கிரி மட்டும் இல்லை.

"இனிப்பை மட்டும் எடுத்துட்டு ஓடிருவான். சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றார். இலையைத் தன் கையாலேயே மூடினார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டேன், சாமி கண்ணைக் குத்தும் என்பதுதான் அன்று என் பயமெல்லாம். பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத ஒருத்தியிடம் என்ன சொன்னேன் என்பது, எனக்கும் ஒரு மகன் பிறக்கும்வரை விளங்கவில்லை.

அந்த ஜாங்கிரியை நான்தான் எடுத்துத் தின்றிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை, வேறென்ன செய்திருக்கும்? ஆனால் என் இலையில் வைத்த ஜாங்கிரி கடைசிவரை அப்படியே கிடந்தது. எனக்கு அப்போது ஜாங்கிரி பிடிக்காது.