லூர்து அண்ணன் கையில் நான் போட்ட முடிச்சு

என்னோடு சேர்ந்து முழங்கால் போட்டவர்களே, இதை ஸ்டெல்லா அக்காவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். அவசரப் பிரிவில் ஹவுஸ் சர்ஜனாக நின்றிருந்தேன். விசைப்படகில் வலையை இழுக்கும் வின்ச் கம்பி அறுந்து மணிக்கட்டைக் கிழித்துவிட்டதென்று லூர்து அண்ணனைத் தூக்கி வந்தார்கள். ஸ்டெல்லா அக்காவின் கணவர், நம் கோயில் பங்குக்காரர். டூட்டி டாக்டர் இன்னொரு உயிரோடு போராடிக்கொண்டிருந்தார். "ரத்தக்குழாயைக் கட்டு, இதோ வரேன்" என்றார்.

டாக்டர் வருகிறாரா என்று நான் வாசலையே பார்ப்பதை அண்ணன் கவனித்துவிட்டார். "இன்னாம்மா, பயந்துகினு கீறியா? நீ வலைக்காரரு பொண்ணு. முடிச்சு போட உனக்கா தெரியாது? கட்டும்மா."

கட்டினேன். அப்பாவின் வலையில் பழகியபடி வெடுக்கென்று மேலே இழுத்து இறுக்கினேன். குழாய் பிய்ந்து உள்ளே போய்விட்டது. டாக்டர் ஓடி வந்து ரத்தத்தை நிறுத்தினார். ஆனால் சாயங்காலம் அண்ணன் போய்விட்டார். "வரும்போதே நெறைய ரத்தம் போயிடுச்சும்மா. உன்னால இல்ல" என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

படிக்கும்போது எங்களுக்கு முடிச்சு போடப் பழக்கும் ஓர் அறுவைப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். விருப்பப்பட்டவர்கள் போகலாம். மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தருகிறார்களாக்கும் என்று சிரித்துவிட்டுப் போகவில்லை. திமிர்.

அதன்பின் கையுறை மாட்டினால் "கட்டும்மா" என்று அண்ணன் குரல் கேட்கும். சோறு பிசையும்போதும் கேட்கும். இந்தத் தொழிலே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதேன். தவக்காலம் முழுக்க ஒரே ஜெபம்: ஆண்டவரே, இந்தக் குரலை எடுத்துவிடும்.

அவர் எடுக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம், அதே வகுப்புக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். ஆட்டு ரத்தக்குழாய் ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன், பிய்ந்தது. பக்கத்திலிருந்த பெண், "இழுக்கறீங்கக்கா. விரல் நுனியால கீழ தள்ளி இறுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அங்கேயே அழுதுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் நாற்காலிக் காலில் நூல் கட்டி, ஜெபமாலை சொல்வதுபோலத் தினமும் பழகினேன்.

போன மாதம் எண்ணூர் பக்கமிருந்து, ஐஸ் உடைக்கும் மெஷினில் கை சிக்கிய ஒருவரைக் கொண்டு வந்தார்கள். அதே மணிக்கட்டு. அன்றும் பெரிய டாக்டர் உடனே வர முடியவில்லை. "கட்டும்மா" என்றது குரல். முதலில் விரலை வைத்து அழுத்தினேன். பிறகு முடிச்சைப் போட்டுக் கீழே தள்ளினேன். ரத்தம் நின்றது. அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

போன ஞாயிறு பூசை முடிந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். அப்புறம், "அந்த ஐஸ் மெஷினு ஆளு வூட்டுக்குப் போய்ட்டாரா?" என்றார்.

"போய்ட்டாருக்கா."

"அப்ப எங்காளு சொன்னது பொய்யாப் போவல." என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆண்டவருக்கு நன்றி. இப்போது என் ஜூனியர்களில் ஒருத்தரையும் அந்த வகுப்பிலிருந்து நழுவ விடுவதில்லை. நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டதைத் தராவிட்டாலும், வேறு ஏதாவது தந்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். எனக்குக் குரல் இன்னும் கேட்கிறது. எடுத்துவிடும் என்று நான் இப்போது ஜெபிப்பதில்லை.