பிளக்ஸில் ஒரு அத்தை

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஃபேஸ்புக்கில் பழக்கமான ஒருத்தி தினமும் "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். அவள் பேச்சை நம்பித்தான் கிரிப்டோவில் பணம் போட்டேன். மகளின் காதுகுத்துக்கு எழுமலையில் பிளக்ஸ் வைத்தபோது, புத்திகெட்ட நான் அவள் படத்தையும் 'அத்தை' என்று போட்டுச் சேர்த்தேன். விசேஷத்துக்கு அவள் வரவில்லை. அந்த வாரமே அவள் கணக்கும் மறைந்தது, பணமும் போனது. அந்தப் படமே வேறு யாரிடமிருந்தோ திருடியது என்றார் சைபர் கிரைம் போலீஸ்காரர்.

பிளக்ஸ் இப்போது வைக்கோல் படப்பை மூடியிருக்கிறது. தூறல் விழுந்தால் மனைவி, "ஒங்க தங்கச்சி நனையுறா" என்பாள். நான் சிரிப்பதில்லை. அந்த முகத்துக்கு உரியவள் எங்கேயோ இருக்கிறாள். மதுரை பஸ்ஸில் ஒருநாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தால், 'தங்கச்சி' என்று கூப்பிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.