கிருஷ்ணாயிலில் குளித்த ரோப்பு

எங்கள் வீட்டில் டிராக்டருக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நான் சிரிக்காமல்தான் சொன்னேன் என்பது அந்த மனுஷருக்கு ஒரு நாளும் உறைத்ததில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று மேட்டையும் பள்ளத்தையும் நிரவ ஆரம்பித்த எழுபதுகள் அவை. அவர் ஒரு பழைய டிராக்டரைப் பிடித்து, அதன் பின்னால் விஞ்சு வைத்துக்கொண்டார். விஞ்சு என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பி வடம். நாங்கள் ரோப்பு என்போம். வெட்டிப் போட்ட மரத்தில் ரோப்பின் கொக்கியை மாட்டி உருளையைச் சுற்றவிட்டால், மரம் தரையோடு தேய்ந்துகொண்டே ரோட்டோரம் வந்து சேரும். அங்கிருந்து மரவாடிக்கு லாரி. சவுக்கோ வேம்போ புளியோ, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எது சாய்ந்தாலும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அடுப்பு நன்றாகவே எரிந்தது. நான் குறை சொல்ல மாட்டேன்.

டிராக்டர் ஓட்டுவது அவர். கொக்கி மாட்டுவது என் கொழுந்தன், அவருடைய தம்பி. மாட்டிவிட்டு ஓரமாக நிற்கிற வேலை இல்லை அது. மரம் எதிலாவது முட்டிக்கொண்டால் கடப்பாரையால் நெம்பிவிட வேண்டும். அதனால் அவன் ரோப்பை ஒட்டியே நடந்து வருவான். ரோப்பைப் பார்த்துக்கொள்வது நான்.

அது எப்படி என் தலையில் விழுந்தது என்றால், வாங்கும்போதே நான் கூடப் போய்த் தொலைத்தேன். பட்டணத்தில், மண்ணடியில் துறைமுகத்துச் சாமான் விற்கிற கடை. அவர் நேராகப் போய் இருப்பதிலேயே தடியான ரோப்பின் மேல் கை வைத்தார்.

"தடியா இருந்தாத்தான் தாங்கும்."

"மாமா, நம்ப உருள எத்தினி சின்னதுன்னு பாத்தியா? மடங்காத ரோப்ப வாங்கி இன்னா பண்ணுவ, ஊட்டுக்கு உத்திரமா போடுவியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரே நடுவிலும் கம்பி வைத்த ரோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். நசுங்காது, பலமும் அதிகம் என்றார். வளைத்துப் பார்த்தேன், வளைவேனா என்றது. வேறு ஒன்றை எடுக்கச் சொன்னேன், ஆறு புரி முறுக்கி நடுவில் நார் வைத்தது. முந்தானையை அதன்மேல் சுற்றிப் பிடித்து, நீளத்துக்கும் இழுத்துக்கொண்டே நடந்தேன். கம்பி எங்காவது அறுந்திருந்தால் துணியைப் பிடித்துக்கொள்ளும். முதல் சுருளில் துணி மாட்டிக்கொண்டது. அடுத்த சுருளில் துணி வழுக்கிக்கொண்டு போனது. ஆணியால் புரியை நெம்பிக் காட்டச் சொன்னேன். உள்ளே நார் எண்ணெயில் ஊறிக் கறுப்பாக இருந்தது. அதுதான் வேண்டும். நார் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கம்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பழவேற்காட்டு ஏரியில் வலையும் கயிறுமாக இருந்த வீட்டில் பிறந்தவள் நான். கயிறு உள்ளேயிருந்துதான் சாகும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை இல்லாத நாளில் ரோப்பை முழுதும் இழுத்துவிட்டு, சாக்குத் துணியால் மண்ணைத் துடைப்பேன். பழைய எஞ்சின் ஆயிலில் கிரீஸைப் போட்டுச் சூடாக்கி, தென்னமட்டையால் தடவுவேன். பிறகு கோணாமல் மாணாமல் இறுக்கமாக உருளையில் சுற்ற வேண்டும். ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறினால் நசுங்கிவிடும். முறுக்கு விழுந்தால் அந்த இடம் அதோடு சரி. கையெல்லாம் கரி, புடவையெல்லாம் கரி. ஆனாலும் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டு வேலையில் செய்தது எதுவும் சாயந்திரம் வரை நிற்காது. இது நின்றது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பூஜையன்று காலையில் திரும்பி வந்தால், வாசலில் நாலு பேர் நின்று டிராக்டரை வேடிக்கை பார்க்கிறார்கள். ரோப்பு பளபள என்று மின்னுகிறது. முழத்துக்கு ஒரு பொட்டாகச் சந்தனம், குங்குமம். கொழுந்தன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான்.

"அண்ணி, பாத்தியா? வெள்ளி மேரி கீது. ரெண்டு நாளா ஊற வெச்சி, நாரு போட்டுத் தேச்சேன்."

"எதுல ஊற வெச்ச?"

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ரேஷனில் வாங்கி ஸ்டவ்வுக்கு வைத்திருந்த கிருஷ்ணாயில் டின் காலி. எனக்குக் கோபம் எங்கேயோ ஏறிக்கொண்டு வந்தது. அந்த மாசம் முழுக்கச் சுள்ளி பொறுக்கி ஊதப்போவது அவனா, நானா?

"ஸ்டவ்வு கெடக்குது, வுடு. ரோப்புக்குள்ள இருந்த எண்ணெ பூட்ச்சேடா," என்றேன்.

"சாமி காரியத்துல வாய வெக்காத," என்றார் வீட்டுக்காரர். "பூஜ முடிஞ்சதும் கிரீஸ் தடவிக்கலாம்."

"மேல தடவுனா வயித்துக்குள்ள பூடுமா?"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேங்காய் உடைத்தார்கள், பொரியும் கடலையும் கொடுத்தார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பொரியைத் தின்றேன்.

அடுத்து மழை பிடித்துக்கொண்டது. வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. அந்தப் பக்கத்து உப்புக்காற்றுக்கு உள்ளே புகுந்து துருவேற்ற ஒரு சந்து போதும். கார்த்திகை கழிந்து வேலை ஆரம்பித்ததும், எண்ணெய் போட ரோப்பை வளைத்தேன். முன்பெல்லாம் சத்தமே வராது. இப்போது நறநற என்றது. ஆணியால் புரியை நெம்பினேன். நார் காய்ந்து மொறமொறவென்று இருந்தது, கூடவே சிவப்பாகப் பொடி கொட்டியது. வெளியே பார்த்தால் கிரீஸ் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

பொடியை உள்ளங்கையில் ஏந்திப் போய் அவரிடம் காட்டினேன்.

"துரு எதுலதான் இல்ல? ஊட்டுக் கதவுல இல்லியா?"

"கதவு அறுந்து யார் காலையும் வெட்டாது, மாமா. உன் தம்பி அந்த ரோப்போட ஒட்டிக்கினு நடக்கறான்."

"வாங்கி ஒரு வருசம் ஆவல. பொங்கல் போவட்டும், பாக்கலாம்."

கொழுந்தனிடம் போனேன். அவனும் அண்ணன் கட்சிதான். "என் கையால கயுவுனது அண்ணி, ஒண்ணும் ஆவாது," என்றான். அறுந்தால் அடி இவனுக்கு, இவனே வக்காலத்து. இழுபடும் ரோப்பு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். எளாவூர் பக்கம் ஒருத்தருக்கு அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே போனது.

மறுநாளும் அவன் பக்கத்தில் நடக்க, அதே ரோப்பால் சவுக்கு இழுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் ஒரு புளியமரம். கம்பெனி கட்டப்போகிற இடத்தில், ஒரு பள்ளத்துக்குள் வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அடிமரத்தை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. நான் நாஷ்டா கொண்டுபோனபோது சங்கிலி போட்டு, கொக்கி மாட்டி, எல்லாம் தயார். கொழுந்தன் கடப்பாரையோடு நிற்கிறான். எஞ்சின் ஓடுகிறது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தேன். நேராகப் பள்ளத்தில் இறங்கி, அவன் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நீ போய் அந்தப்பக்கம் நில்லு," என்று அவனைத் தள்ளிவிட்டு, அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

"ஏ, இன்னா பண்ற? மேல வா," என்று வண்டியிலிருந்து கத்தினார்.

"ரோப்பு நல்லாத்தான் கீதுன்னு சொன்ன இல்ல? ரோப்ப இயு."

"வெளாடாத. மேஸ்திரி பாக்கறாரு."

"அவரும் பாக்கட்டும். நான் நெம்பி வுடறேன், நீ இயு மாமா."

அவர் கை விஞ்சைச் சுற்றவிடும் நெம்புகோலின் மேல் இருந்தது. இந்த மனுஷர் வீம்புக்கு இழுத்தாலும் இழுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ரோப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ரோப்பை, உருளையிலிருந்து என் கால் வரைக்கும் பார்த்தார். பிறகு கையை எடுத்து எஞ்சினை அணைத்தார்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் ஜெயித்த சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கொழுந்தன் பேசினான். கோபமாக இல்லை, சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டான்.

"அண்ணே, நேத்து ரோப்பாண்ட நான் நின்னேன். அப்ப இயுத்தியே."

பாவம், நான் ரோப்பைக் காட்டத்தான் அங்கே போய் நின்றேன். அந்தப் பையன் காதில் இப்படி விழும் என்று நினைக்கவில்லை.

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். உளியும் சுத்தியலும் எடுத்து, ரோப்பை ஒரு வெட்டுக்கட்டையின் மேல் வைத்து, தானே வெட்டினார். ஒரு இடத்தில் இல்லை, யாரும் எடுத்து முடிபோட்டுப் பிழைக்க முடியாதபடி பத்துப் பன்னிரண்டு துண்டாக. ஒவ்வொரு வெட்டுக்கும் சிவப்புப் பொடி கொட்டியது. மூன்று பேரும் மரத்தின் மேலேயே உட்கார்ந்து நாஷ்டா தின்றோம். தன் பங்கு அடையில் பாதியைப் பிய்த்துத் தம்பி இலையில் வைத்தார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புது ரோப்பு வந்த அன்று அதே புளியமரத்துக்குப் போனோம். கொழுந்தன் கொக்கியை எடுக்கக் குனிந்தான். அவர் அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தி, வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தார்.

"மேல ஏறு. பாத்து இயு," என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அந்த வண்டியை விற்கும்வரை அவர் மறுபடி அதன் சீட்டில் உட்காரவில்லை.