ஆதிநாத் ஹாஜ்ராவின் கூப்பிடு பெயர்

ஹிரண்மய் சாமந்தா இறந்த மூன்றாம் நாள், இயக்குநர் த்ருதிமான் பாலித் தன் இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினான். "என் வானொலி நாட்களின் பழைய நகலெழுத்தர் ஒருவர் காலமானார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்."

மகள் சர்பரி அதை மூன்று முறை படித்தாள். நகலெழுத்தர். அந்த ஒரு சொல்லுக்காக இவனைச் சும்மா விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். இவன் எடுத்திருக்கும் புதுத் தொடர் தொடங்கும்போது வரும் பெயர்களில் அப்பாவின் பெயர் வரவேண்டும். இவன் கையாலேயே வரவேண்டும்.

ஹிரண்மய் பராநகரில் ரேஷன் அலுவலக எழுத்தர். பகலில் அட்டை, சாயங்காலம் துப்பறிவாளர். பரிமல் நியோகி என்ற எழுத்தாளர், ஆதிநாத் ஹாஜ்ரா என்ற துப்பறிவாளரை வைத்து ஏழே கதைகள் எழுதிவிட்டுப் போய்ச்சேர்ந்திருந்தார். வங்காளிகளுக்கு ஏழு போதவில்லை. கல்கத்தா வானொலியில் அவற்றை நாடகமாக்கும் வேலை ஹிரண்மயிடம் வந்தது. வாரம் ஒன்று. ஏழு வாரத்தில் சரக்கு தீர்ந்தது.

"எட்டாவது வாரத்துக்கு ஏதாவது பண்ணுங்க, சாமந்தா பாபு" என்றார் அதிகாரி.

பண்ணினார். அதற்குமேல் நூறு வாரம் சொந்தமாகவே பண்ணினார். ஒவ்வொரு வாரமும் அறிவிப்பாளர் 'கதை: பரிமல் நியோகி' என்றே சொன்னார். செத்தவர் பெயருக்குத்தான் மவுசு என்றார் அதிகாரி. ஹிரண்மய் தலையாட்டினார். அவருக்குச் சண்டை போட வராது. மகளுக்கு வரும்.

எட்டாவது வாரத்தில் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கதைகளில் ஆதிநாத் அநாதை. பாதிரிமார் விடுதியில் வளர்ந்தவன். உறவு இல்லை, அதனால் ஒவ்வொரு வங்காளிக்கும் வீட்டில் வைக்கும் கூப்பிடு பெயரும் இல்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் போட்ட ஒரே பெயர்தான். ஹிரண்மயால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"கூப்பிடு பேரு இல்லாத மனுஷனைச் சாப்பிட யாரு கூப்பிடுவா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"முதல்ல நீங்க சாப்பிட வாங்க. மீன் ஆறிப்போகுது."

சாப்பிட்டுவிட்டு வந்து ஓர் அத்தையை உண்டாக்கினார். ஆதிநாத் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கத்துவாள்: "அடேய் பொட்லா, வந்துட்டியா? செருப்பை வெளியில விடு!" கொலைகாரர்கள் நடுங்கும் ஆதிநாத் ஹாஜ்ரா, வீட்டில் பொட்லா. அதாவது மூட்டை. அப்போது ஹிரண்மயின் வீட்டுத் தொட்டிலில் கொழுகொழுவென்று கிடந்த எட்டு மாதக் குழந்தையின் கூப்பிடு பெயர் அது.

நாடகம் கேட்ட ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் இல்லாமல் இருக்குமா? புத்தகத்தில் இருந்திருக்கும், நாம்தான் மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நாடகங்களில் உதவி இயக்குநராக இருந்தவன் த்ருதிமான். கரித்தாள் வைத்து மூன்று படி எழுதுவார் ஹிரண்மய். இரண்டு நிலையத்துக்கு, மங்கலான கடைசிப் படி வீட்டுக்கு. நிலையத்துப் படிகள் த்ருதிமானோடு வெளியே போயின. சித்திரக்கதை ஆயின, தொலைக்காட்சித் தொடர் ஆயின, இரண்டு சினிமா ஆயின. எல்லாவற்றிலும் 'திரைக்கதை: த்ருதிமான் பாலித்'. எல்லாவற்றிலும் அத்தை. எல்லாவற்றிலும் பொட்லா.

முதல் சினிமா வந்தபோது ஹிரண்மய் ஒரே ஒருமுறை அவனைப் போய்ப் பார்த்தார்.

"நான் நேரா புத்தகத்துலேர்ந்து எடுத்தேன், ஹிரண்மய் அண்ணா. நீங்க எழுதினதும் அதே புத்தகத்தைப் பாத்துதானே? டீ சாப்பிடுங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தார். அதன்பிறகு தொலைக்காட்சியில் ஆதிநாத் வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். சினிமா முடிந்ததா என்று அங்கிருந்தே கேட்பார்.

சர்பரி ஒலிப் பொறியாளர். த்ருதிமான் இப்போது இணையத்துக்கு எடுத்திருக்கும் எட்டுப் பாகத் தொடருக்கு ஒலிக்கலவை செய்ததும் அவள்தான்; தொடக்கத்தில் பெயர்கள் சேர்ப்பதும் அவள் ஸ்டூடியோவில்தான். கணவன் பெயரோடு சர்பரி குஹ என்றுதான் தொழிலில் அறிவார்கள். யார் மகள் என்று அவனுக்குத் தெரியாது. வேலை வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். "செய். வேலைதானே" என்றார். செய்தாள். ஹெட்ஃபோனுக்குள் ஒரு நடிகை அவளையே முப்பத்தொரு முறை கூப்பிட்டாள்.

மார்கழியில் அப்பா போனார். காரியம் எல்லாம் முடிந்து புத்தகக் கண்காட்சி வந்தது. தொடரை விளம்பரப்படுத்த மேடையில் த்ருதிமான். முந்நூறு பேர் கூட்டம். "ஒரு எழுத்துகூட நான் சேர்க்கலை. எல்லாம் நியோகி ஐயா எழுதினதுதான்" என்றான்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சர்பரி மைக்கை வாங்கினாள். "பொட்லாங்கிற பேரு எந்தக் கதையில வருது?"

கூட்டம் சிரித்தது. "இதென்ன கேள்வி, தீதி? பேரில்லாம இருப்பாரா?" என்றது ஒரு குரல். த்ருதிமானும் சிரித்தான். சிரிப்போடு நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பான்.

"மூணாவது கதைம்மா. அவரோட அம்மா வெச்ச பேரு. குழந்தையில குண்டா இருந்தாராம்."

முன்வரிசையில் குரங்குத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்தார். "எந்த அம்மா?"

"என்ன?"

"மூணாவது கதையிலதானே அவன் அநாதைன்னே வருது. பொறந்த ஆறாம் நாள் பாதிரியார் வாசல்ல கெடந்தான். முதல் பக்கம். முப்பது வருஷமா இவனை வெச்சுப் பொழைக்கிறியே, ஒருவாட்டி படிச்சிருக்கலாமில்ல?"

"அது வேற பதிப்பு..."

"நாலு பதிப்பும் எங்கிட்ட இருக்குய்யா. பொண்டாட்டி என்னைத் தூக்கிப் போடுவேன்னாளே தவிர, அதைப் போடலை."

கூட்டம் இப்போது வேறுமாதிரி சிரித்தது. பாதிப் பேர் செல்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"வானொலி நாடகம், எட்டாவது வாரம்" என்றாள் சர்பரி. "எழுதினவர் ஹிரண்மய் சாமந்தா. நகலெழுத்தர்னு எழுதினீங்களே, அவரு. பொட்லா நான்."

கூட வேலை செய்பவர்களிடம்கூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"அப்ப ஆதிநாத் உனக்குத் தம்பி முறையாகுது, மா" என்றார் குரங்குத் தொப்பி.

மறுநாள் காலை பத்து மணிக்கு த்ருதிமான் டாலிகஞ்சில் அவளுடைய ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டான். காணொளி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேரை எடுத்துடு. அத்தை 'அடேய்'னு மட்டும் கூப்பிடட்டும். நாலு நாள்ல வெளியீடு."

"எடுக்கலாம். முப்பத்தொரு இடம். பதினேழுல வாயசைவு பளிச்சுனு தெரியுது. எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு இன்னும் நல்லா கேப்பாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி, கடைசியில நன்றின்னு போட்டுடறேன்."

"நன்றி வேண்டாம்."

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"முதல்ல, தனியா, அஞ்சு நொடி. 'மூல வானொலி நாடகம்: ஹிரண்மய் சாமந்தா.' அதுக்கப்புறம் உங்க பேரு. அதுல 'திரைக்கதை' கிடையாது, 'தழுவல்'."

"எம்பேரு முன்னால வரணும்னு ஒப்பந்தம் இருக்கு."

"அப்ப ஒப்பந்தம் போட்டவங்களுக்கு நூறு வாரத்து நகலையும் அனுப்பட்டுமா? வீட்டுல இருக்கு. முத்து முத்தான கையெழுத்து."

வெளியே போய் இரண்டு பேரிடம் தொலைபேசியில் பேசினான். ஒருவரிடம் கத்தினான், இன்னொருவரிடம் கெஞ்சினான். திரும்பி வந்து, "போடு" என்றான்.

"நீங்க டைப் பண்ணுங்க."

ஒற்றை விரலால் தட்டினான். சாமந்தாவில் ஓர் எழுத்தை விட்டான். அழித்து மறுபடி அடிக்க வைத்தாள்.

"அவரு இருந்தப்பவே நீ அவர் பொண்ணுன்னு சொல்லியிருக்கலாமே" என்றான்.

"அவரு இருந்தப்பவே நீங்க போட்டிருக்கலாமே."

தொடக்கக் காட்சியை ஓடவிட்டாள். கறுப்பில் வெள்ளையாகப் பெயர் வந்தது. ஐந்து நொடி நின்றது. அடியில் இசை வைக்கவில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள்.

"ஆச்சா? திருப்தியா?" த்ருதிமான் சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இந்தத் தொடர் ஆச்சு" என்றாள் சர்பரி. "சினிமா ரெண்டு இருக்கு. டி.வி. சீரியல் இருக்கு. சித்திரக்கதை பன்னெண்டு இருக்கு. உட்காருங்க."