தண்டோராவுக்குப் பின்னால் நடந்தவர்

எங்கள் கல்லூரி முதல்வர் ஒல்லியானவர். பதற்றம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருப்பார். வருட ஆரம்பத்தில், கல்லூரி செய்யப்போவதைப் பக்கத்துக் கிராமமான அகரத்தில் தண்டோரா போட்டுச் சொல்வது அவர் கொண்டுவந்த வழக்கம்.

ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவோம் என்று ஒரு வருடம் சொல்லியிருந்தோம், நடக்கவில்லை. வருடக் கடைசியில், நடக்கவில்லை என்பதையும் தண்டோரா போடச் சொல்லி, முதல்வர் கூடவே நடந்தார். விரிவுரையாளனான நானும் போனேன்.

நாற்று நட்டுவிட்டு வந்த ஒரு பெண் மறித்தாள். "அடுத்த வருசமும் இதையேதான் வந்து சொல்லுவீகளா?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலம்மா. எதுன்னாலும் நானே வந்து சொல்றேன்."

அவள் போய்விட்டாள். அவர் என் பக்கம் குனிந்தார். "அடுத்த தெருவுக்கும் கூட வாங்க தம்பி. தனியாப் போகப் பயமா இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.